பதிப்பகம் மாறிய ஆய்விதழ்: பணம் கட்டிய பழைய ஆண்டுகளை யாரிடம் கேட்பது?

கேள்வி, 8 ஜனவரி 2025

நான் வடசென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஆய்விதழ்ச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இந்த மாதம் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது; 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள். எனக்கு முன்பு இருந்த நூலகர், எந்த இதழ் எந்த ஆண்டில் எந்தப் பதிப்பகத்துக்குப் போனது என்று ஒரு தடித்த பதிவேடு எழுதி வைத்திருக்கிறார். அதை இனியும் தொடர வேண்டுமா? ஒவ்வொரு கட்டுரைக்கும் கொடுக்கும் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண் மாறுவதில்லை, அதைச் சொடுக்கினால் கட்டுரை எங்கே இருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். பதிப்பகம் மாறினால் நூலகத்துக்கு என்ன நட்டம் என்பது எனக்கு விளங்கவில்லை, மேடம்.

பதில், 8 ஜனவரி 2025, இரவு

தொடருங்கள் தம்பி. அந்தப் பதிவேட்டை எழுதியவர் உங்களுக்குப் பெரிய சொத்தை விட்டுப் போயிருக்கிறார்.

டி.ஓ.ஐ. பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்த எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2000-இல் தொடங்கியதே இந்த வசதிக்காகத்தான். ஃபெப்ஸ் லெட்டர்ஸ் இதழ் 2016 ஜனவரியில் எல்செவியர் பதிப்பகத்திடமிருந்து வைலி பதிப்பகத்துக்கு மாறியது. அதன் பழைய கட்டுரைகளின் எண்கள் இன்றும் 10.1016 என்ற எல்செவியரின் முன்னொட்டோடுதான் இருக்கின்றன. ஆனால் சொடுக்கினால் வைலியின் தளம் திறக்கிறது. எண்ணைப் பார்த்து இன்றைய பதிப்பகத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும்.

ஆனால் அந்த எண் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். கதவு திறப்பது, அந்த வீட்டுக்காரரின் பட்டியலில் உங்கள் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வீடு கைமாறும்போது பட்டியலும் முழுமையாகக் கைமாறுகிறதா என்பதுதான் நம் கவலை. எனக்கு நேர்ந்ததை நாளை விரிவாக எழுதுகிறேன்.

9 ஜனவரி 2025

எங்கள் கல்லூரி கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரி. பருவ இதழ்ப் பிரிவு தரைத்தளத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலோடு வந்த மழையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. நான்காம் நாள் கதவைத் திறந்தபோது, கீழ்த்தட்டில் இருந்த பைண்டு செய்த தொகுதிகள் ஊறிப் பருத்து, தட்டிலிருந்து வெளியே இழுக்க முடியாதபடி ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சிட்ட இதழ்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. நகக்கணுவால் தூக்கினாலும் எழுத்து மேல் தாளோடு உரிந்து வந்துவிடுகிறது. அப்படிப் போன தொகுதிகளில் ஒரு கடல் உயிரியல் இதழின் ஒன்பது ஆண்டுகள், 2006 முதல் 2014 வரை, அடக்கம்.

அந்தப் புயலின்போதுதான் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அடுத்த மாதமே, எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வு மாணவி வந்தார். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் கிடைக்கும் மட்டியில் உலோகங்களின் அளவு பற்றியது அவருடைய ஆய்வு. புயலுக்கு முந்தைய நிலைமையோடு ஒப்பிட 2009-இல் அந்த இதழில் வந்த ஒரு கட்டுரை அவருக்கு வேண்டும். அச்சுப் பிரதி போய்விட்டது என்றாலும், அந்த ஆண்டுகளுக்கு நாங்கள் அச்சும் மின்வடிவும் சேர்த்தே சந்தா கட்டியிருந்தோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ‘கவலைப்படாதே அம்மா, நெட்டில் நமக்கு உரிமை இருக்கிறது’ என்று சொல்லி டி.ஓ.ஐ.-யைச் சொடுக்கினேன். நான் அறியாத வேறொரு பதிப்பகத்தின் தளம் திறந்தது. கட்டுரையின் சுருக்கத்துக்குக் கீழே அமெரிக்க டாலரில் ஒரு விலை இருந்தது.

இதழை நடத்தும் சங்கம் 2017 தொடக்கத்தில் பதிப்பகத்தை மாற்றியிருக்கிறது. எங்கள் சந்தா 2014-ஓடு நின்றுவிட்டது. பழைய பதிப்பகம் புதியவருக்குக் கொடுத்த பட்டியலில், அப்போது சந்தா கட்டிக்கொண்டிருந்த நூலகங்கள் மட்டுமே இருந்திருக்க வேண்டும். முன்பு கட்டி, கட்டிய ஆண்டுகளை எப்போதும் படிக்கும் நிரந்தர உரிமையோடு விலகிய எங்களைப் போன்றவர்களை அவர்கள் விட்டுவிட்டார்கள்.

9 ஜனவரி 2025, சற்றுப் பிறகு

‘அப்படியானால் பணம் கட்டியது வீணா?’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வீணில்லை. மாற்றத்தை ஒழுங்குபடுத்த ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற நடைமுறை விதித்தொகுப்பு இருக்கிறது. பிரிட்டனின் யு.கே.எஸ்.ஜி. அமைப்பு தொடங்கியது, இப்போது அமெரிக்காவின் தகவல் தர நிர்ணய அமைப்பான நைசோ பராமரிக்கிறது, நான்காம் பதிப்பு 2019-இல் வந்தது. பழைய பதிப்பகம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த நிரந்தர அணுகல் உரிமை, இதழ் கைமாறியதால் அற்றுப்போகக் கூடாது என்பது அதன் முக்கியமான விதிகளுள் ஒன்று. பழைய தளத்திலேயே தொடர்ந்து கொடுக்கலாம், அல்லது அந்தப் பொறுப்பைப் புதியவர் ஏற்கலாம். சந்தாதாரர் பட்டியலையும் கட்டுரைக் கோப்புகளையும் ஒப்படைப்பதும், பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு வழிகாட்டுவதும் அதில் அடக்கம்.

இது சட்டம் அன்று. கையெழுத்திட்ட பதிப்பகங்கள் மனமுவந்து ஏற்ற ஒழுங்கு, அவ்வளவுதான். ஆனாலும் கடிதம் எழுதும்போது இந்த விதித்தொகுப்பின் பெயரைச் சொன்னால் பதிலின் தொனியே மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

11 ஜனவரி 2025

கேட்ட தம்பிக்கு நேரடியான பதிலை இன்னும் நான் சொல்லவில்லை.

‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு 2024 நவம்பர் 25 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது; 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்; மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள்; பொறுப்பு காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையத்துக்கு. உங்கள் மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை, உதவி பெறும் கல்லூரியில் இருந்துகொண்டு முதல் கட்டத்தில் இடமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு நன்றாகவே தெரியும். எங்களுக்கு, கல்லூரிகளுக்கான மின்னிதழ்த் திட்டமான என்-லிஸ்ட் இருக்கிறது. அதற்காக நன்றி உண்டு. ஆனால் பரப்பு வேறு.

இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒப்பந்தம் பதிப்பகங்களோடு செய்தது. ஓர் இதழ் முப்பதுக்குள் இருக்கும் ஒரு பதிப்பகத்திலிருந்து முப்பதுக்குள் இருக்கும் இன்னொன்றுக்குப் போனால் உங்களுக்கு இணைப்பு மட்டும்தான் மாறும். முப்பதுக்கு வெளியே போனால், அன்றிலிருந்து வரும் புதிய கட்டுரைகளுக்கு என்ன வழி என்பதை நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும். வெளியே இருந்தது உள்ளே வந்தால், அது நமக்குக் கிடைக்கிறது என்பதே தெரியாமல் ஆசிரியர்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் கண்டுபிடிக்க அந்தப் பதிவேடுதான் வேண்டும்.

12 ஜனவரி 2025

மாற்றங்களில் மூன்று வகை உண்டு என்று நேற்றே சொல்லியிருக்க வேண்டும். மூன்றையும் ஒரே பெயரில் எழுதினால் பதிவேடு குழம்பிவிடும்.

முதலாவது, இதழ் மட்டும் இடம் மாறுவது. தி பிளான்ட் செல், பிளான்ட் ஃபிசியாலஜி இரண்டும் 2021 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்துக்குப் போனது இவ்வகை. அதே ஆண்டு ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி எல்செவியருக்குப் போனது. போகும்போதே எல்லோரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுகல் இதழாகவும் ஆனது. ஆகவே அந்த வரிக்கு எதிரே ‘பதிப்பகம் மாறியது’ என்று எழுதினால் மட்டும் போதாது. ‘2021 முதல் சந்தா தேவையில்லை’ என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டாவது, பதிப்பகமே விலைபோவது, அல்லது தளம் மாறுவது. பிளாக்வெல்லை வைலி 2007-இல் வாங்கியது. மருத்துவ இதழ்ப் பதிப்பகமான மெட்னோவை வோல்டர்ஸ் குளூவர் 2011-இல் வாங்கியது. மெட்னோ இதழ்களுக்குத் தனித்தனியாக இருந்த தளங்கள் 2023-இல்தான் பொதுத் தளத்துக்கு மாறின. உரிமையாளர் மாறிய ஆண்டும் இணைய முகவரி மாறிய ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ராயபுரம் பக்கம் மருத்துவ நூலகங்களில் இருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இதழ் அங்கேயே இருக்கும். ஆசிரியர் குழு வெளியேறிப் புதிய இதழைத் தொடங்கும். 2015-இல் எல்செவியரின் லிங்குவா இதழின் ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாக விலகி குளோசா என்ற இதழைத் தொடங்கினார்கள். லிங்குவா தொடர்ந்து வந்தது. குளோசாவுக்குப் புதிய ஐ.எஸ்.எஸ்.என்., அதாவது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண். இவை இரண்டு வெவ்வேறு இதழ்கள். லிங்குவாவின் பழைய தொகுதிகளைக் குளோசாவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பதிப்பகம் மாறுவதால் மட்டும் ஐ.எஸ்.எஸ்.என். மாறாது, இதழின் பெயர் கணிசமாக மாறினால் மாறும். சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எட்டு இலக்கங்களைத்தான்.

15 ஜனவரி 2025, பொங்கல் விடுமுறை

கடல் உயிரியல் இதழின் கதைக்குத் திரும்புகிறேன்.

புதிய பதிப்பகத்துக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது: ‘நீங்கள் அந்த ஆண்டுகளுக்கு மின்வடிவச் சந்தா கட்டியதற்கான ஆதாரத்தையும் பழைய வாடிக்கையாளர் எண்ணையும் அனுப்புங்கள்.’ எங்களுக்குச் சந்தா கட்டிக்கொடுத்த முகவர் தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நூலகத்தில் இருந்த பில் கோப்புகள் கீழ்த்தட்டில் இருந்தவை; அவையும் தண்ணீரில் போயின.

மிஞ்சியது, இதழ் வரவை அட்டைகளில் பதியும் கார்டெக்ஸ் அலமாரி. அது மாடியில் இருந்ததால் தப்பியது. தட்டை இழுத்து அந்த இதழின் அட்டையை எடுத்தேன். மேல் ஓரத்தில் பென்சிலில் ஐ.எஸ்.எஸ்.என்.; கீழே மாதக் கட்டங்களில் இதழ் வந்த தேதிகள். 2009-க்கு எதிரே ஆகஸ்ட் கட்டத்தில் ‘வரவில்லை, நினைவூட்டல் 1’ என்றும், பக்கத்திலேயே ‘வந்தது’ என்றும் எனக்கு முன்பிருந்த நூலகரின் சாய்ந்த கையெழுத்து. அட்டையின் பின்பக்கம், ஆண்டுதோறும் பில் எண், தேதி, காசோலை எண். 2006-க்கு எதிரே சிவப்பு மையில் ‘அச்சு + ஆன்லைன்’ என்ற சொற்கள். அந்தச் சிவப்பு மை எழுத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பில் எண்களை வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனேன். தணிக்கைக்குப் போன வவுச்சர்களை அவர்கள் கட்டுக்கட்டாகக் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பிற்பகல்கள் தேடியதில் ஒன்பது பில்களில் ஏழு கிடைத்தன. பதிப்பகத்தின் வாடிக்கையாளர் எண் அவற்றில் மூன்றில் அச்சாகியிருந்தது. ஸ்கேன் செய்து, விதித்தொகுப்பைச் சுட்டிக்காட்டி, ஒரு பக்கக் கடிதத்தோடு அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து 2006 முதல் 2014 வரை ஒன்பது ஆண்டுகளும் திறந்தன. பில் கிடைக்காத இரண்டு ஆண்டுகளுக்குக் கார்டெக்ஸ் அட்டையின் படத்தையே ஏற்றுக்கொண்டார்கள்.

18 ஜனவரி 2025, திருத்தம்

9-ஆம் தேதி, பழைய பதிப்பகம் எங்களைப் பட்டியலில் விட்டுவிட்டது என்று எழுதினேன். அது தவறு. அந்த நாள்களின் கடிதப் போக்குவரத்தை இன்று முழுவதும் படித்துப் பார்த்தேன். அவர்கள் எங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதோடு இருந்த, கல்லூரியை அடையாளம் காட்டும் ஐ.பி. என்ற இணைய முகவரி எண், 2016-க்கு முன்பு நாங்கள் வைத்திருந்த இணைய இணைப்பினுடையது. கல்லூரி இணைப்பை மாற்றியபோது நடப்புச் சந்தா உள்ள பதிப்பகங்களுக்கு மட்டும் புதிய ஐ.பி.-யைத் தெரிவித்தோம். சந்தா நின்றுபோன இதழ்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. தொடர்பு மின்னஞ்சலாக இருந்ததும் முகவருடையது; மாற்றம் பற்றிய அறிவிப்பு அவருக்குப் போயிருக்கிறது, எங்களுக்கு வரவில்லை.

ஆகவே பாதிப் பொறுப்பு எங்கள் பக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்கள் தவறான இடத்தில் பழி போடுவார்கள். முகவர் வழியாகக் கட்டினாலும் பதிப்பகத்தின் கணக்கில் நூலகத்தின் சொந்த மின்னஞ்சலே இருக்க வேண்டும்; அதுவும் ஆளின் பெயரில் இல்லாமல் நூலகத்தின் பெயரில். இணைய இணைப்பை மாற்றும்போது, நின்றுபோன சந்தாக்களின் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

19 ஜனவரி 2025

மாற்றம் நடப்பதை முன்கூட்டி அறிவது எப்படி என்று கேட்ட திருவொற்றியூர் நூலகருக்கு: பாரிஸில் உள்ள ஐ.எஸ்.எஸ்.என். பன்னாட்டு மையத்தின் தளத்தில் மாற்ற அறிவிப்புகள் வெளியாகின்றன. எந்த இதழ், யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதி முதல் என்று பார்த்துவிடலாம். பெரும்பாலான மாற்றங்கள் ஜனவரி முதல் தேதியை ஒட்டியே நடக்கின்றன, ஏனெனில் சந்தா ஆண்டு அப்போதுதான் தொடங்குகிறது. நான் அக்டோபரில் ஒரு முறையும் பிப்ரவரியில் ஒரு முறையும் பார்க்கிறேன்.

அதே தளத்தில் ‘கீப்பர்ஸ்’ பதிவகமும் இருக்கிறது. 2019 டிசம்பர் முதல் அங்கே. ஓர் இதழின் எந்தத் தொகுதிகளை போர்ட்டிகோ, கிளாக்ஸ் போன்ற காப்பகங்கள் பாதுகாக்கின்றன என்பதை அது காட்டும். பொதுவாக இதழ் எல்லாத் தளங்களிலிருந்தும் மறைந்துபோனால்தான் அந்தக் காப்பகங்கள் திறக்கும் என்பதை மறக்க வேண்டாம். கிராஃப்ட் என்ற மருத்துவ இதழை கிளாக்ஸ் 2008-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது அப்படித்தான். எங்களுடையதைப் போல, இதழ் நலமாக இருந்து நம் பெயர் மட்டும் விடுபட்டால் அங்கே போய்ப் பெரும்பாலும் பயனில்லை.

23 ஜனவரி 2025

நூலக மென்பொருளான கோஹாவில் இதை எப்படி எழுதுவது என்று பலர் கேட்கிறீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். இன்னும் நல்ல முறை இருந்தால் திருத்துங்கள்.

இதழுக்கு ஒரே பதிவுதான். பதிப்பகம் மாறியதற்காகப் புதிய பதிவு உருவாக்குவதில்லை. இணைய முகவரிக்கான 856 புலத்தை மட்டும் தேவையான தடவை திரும்ப எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் மூன்றாம் எண் துணைப்புலத்தில் எந்த ஆண்டுகள் என்பதையும் (‘2006–2014’), யு துணைப்புலத்தில் முகவரியையும், இசட் துணைப்புலத்தில் வாசகருக்கான குறிப்பையும் எழுதுகிறேன். அந்தக் குறிப்பு ‘கல்லூரி வளாகத்துக்குள் மட்டும்’, ‘என்-லிஸ்ட் லாகின் வேண்டும்’, ‘எல்லோருக்கும் இலவசம்’ ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். முன்பு நீளமாக எழுதினேன், யாரும் படிக்கவில்லை. இதழின் பெயரே மாறியிருந்தால் 780, 785 புலங்களால் பழையதையும் புதியதையும் இணைக்க வேண்டும். அங்கே புதிய ஐ.எஸ்.எஸ்.என்.-னும் புதிய பதிவும் கட்டாயம்.

பதிப்பகங்கள் தங்கள் இதழ்களைப் பற்றி ஒரே சீரான வடிவில் கொடுக்கும் கேபார்ட் பட்டியலில் முதல் இதழ், கடைசி இதழ் ஆகியவற்றின் தேதிகள் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். இதழ் போனபின் பழைய பதிப்பகத்தின் பட்டியலில் அந்த வரி காணாமல் போகும், அல்லது கடைசித் தேதி நிரம்பியிருக்கும். போன ஆண்டின் பட்டியலைச் சேமித்து வைத்துக்கொண்டு இந்த ஆண்டினதோடு ஒப்பிட்டால் போதும், போனவை எவை, வந்தவை எவை என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பழைய பட்டியலை அழிக்க வேண்டாம்.

24 ஜனவரி 2025

ஒரு சிறு சேர்க்கை. பட்டியலில் இருப்பதும் கட்டுரை திறப்பதும் ஒன்றல்ல. ஒவ்வோர் இதழிலும் உரிமையுள்ள முதல் ஆண்டில் ஒரு கட்டுரை, கடைசி ஆண்டில் ஒரு கட்டுரை, இரண்டையும் முழு உரை வரை திறந்து பாருங்கள். சுருக்கம் வந்தவுடன் திருப்தியடைந்துவிடக் கூடாது.

2 பிப்ரவரி 2025

‘மின்வடிவு இருக்கும்போது பைண்டு தொகுதிகளுக்கு ஏன் இடம் ஒதுக்க வேண்டும்?’ என்று பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2019-இல் இதே வாதத்தை எங்கள் நூலகக் குழுவில் வைத்தவளே நான். வாசிப்பு மேசைகளுக்கு இடமில்லை, மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள், அதனால் சொன்னேன். குழு ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது வருத்தப்பட்டேன்.

இன்று என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். அச்சும் போகலாம், அணுகலும் போகலாம். எங்களுக்கு இரண்டும் ஒரே மாதத்தில் இல்லாமல் இருந்தன. ஆகவே நம் பகுதியைப் பற்றி எழுதிய கட்டுரைகள் கொண்ட தொகுதிகளை, எண்ணூர்க் கழிமுகம், மணலி, பழவேற்காடு, துறைமுகம் பற்றியவற்றை, எந்தக் காரணத்துக்காகவும் கழிக்க வேண்டாம், மாடிக்கு ஏற்றுங்கள். மற்றவற்றில், நிரந்தர உரிமைக்கான பில் கையில் இருக்கும் இதழ்களின் தொகுதிகளை மட்டும் கழிக்கலாம். பில் இல்லாமல் கழிப்பதற்கு நான் இனி உடன்பட மாட்டேன்.

3 பிப்ரவரி 2025

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு அந்த மாணவி கைப்பேசியில் அழைத்தார். 2009 கட்டுரைக்காகக் காத்திருந்த ஏழு வாரத்தில், கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிப் பிரதியைப் பெற்றுவிட்டதாகவும், அதை என்னிடம் சொன்னால் நான் வருந்துவேனோ என்று சொல்லாமல் இருந்ததாகவும் சொன்னார். வருந்தவில்லை. ஆசிரியருக்கு எழுதுவது நல்ல வழி. முதல் நாளே அதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் 2011 தொகுதியைக் கேட்டு வரும்போது அந்த ஆசிரியரின் மின்னஞ்சல் வேலை செய்யாமல் இருக்கலாம். நூலகத்தின் உரிமையை மீட்பது அவருக்காகவும்தான்.

9 பிப்ரவரி 2025

கேள்வி கேட்ட தம்பி, உங்கள் முன்னவரின் பதிவேட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய நான்கு பக்கப் படங்களைப் பார்த்தேன். ‘பி.ஏ.’ என்று ஓரத்தில் அவர் போட்டிருப்பது பட்டப்படிப்பைக் குறிக்கவில்லை. ‘பெர்பெச்சுவல் ஆக்ஸஸ்’ என்பதன் சுருக்கம். அந்தக் குறி உள்ள பதினொரு இதழ்களில் எத்தனை இன்று முப்பது பதிப்பகங்களுக்கு வெளியே இருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். தேசியச் சந்தா உங்களுக்குத் தராத ஆண்டுகள் அவற்றில்தான் இருக்கும். பக்கத்தில் பென்சிலில் உள்ள எண்கள் பில் எண்களாக இருக்க வேண்டும். உங்கள் கணக்குப் பிரிவில் பழைய வவுச்சர்களைக் கழிக்கும் வேலை மார்ச் மாதத்தில் நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் அந்தப் பதினொன்றின் பில்களை எடுத்துவிட வேண்டும். வியாழன் பிற்பகல் எனக்கு வகுப்புப் பொறுப்பு இல்லை. இரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன், சேர்ந்து தேடுவோம்.